கையெழுத்துச் சாயலில் ஓர் எழுத்துரு: வாசகர் கேள்வி பதில்

கையால் எழுதியது போன்ற தோற்றம் தரும் எழுத்துருக்களைப் பற்றிச் சென்ற இதழில் இரண்டு வரிகள் மட்டும் எழுதியிருந்தேன். அவ்வெழுத்துருக்களில் குற்றமில்லை, இடமறியாமல் வைப்பதில்தான் குற்றம் இருக்கிறது என்பதே அவ்வரிகளின் சாரம். அதை ஒட்டி வந்த கடிதங்களைப் படித்தபோது, இது இரண்டு வரிகளில் முடிக்கக்கூடிய பொருளன்று என்று தெரிந்துகொண்டேன். ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: கையெழுத்துச் சாயல் எழுத்துரு என்றால் சாய்வெழுத்தும் வனப்பெழுத்தும் (கலிகிராஃபி) அதில் அடங்குமா? அதற்கென்று தனிக் குணம் உண்டா?
– ஒரு கல்லூரி மாணவர்

பதில்: மூன்றும் கையிலிருந்து பிறந்தவைதாம். அந்தக் கை எந்த மனநிலையில் எழுதியது என்பதில்தான் அவை பிரிகின்றன. வனப்பெழுத்து எழுதுகிறவர் பட்டைமுனைப் பேனாவை ஒரே கோணத்தில் பிடித்து, ஒவ்வொரு கோட்டையும் திட்டமிட்டு இழுக்கிறார். ஹெர்மன் சாப்ஃப் வடிவமைத்து 1998-இல் வெளிவந்த சாப்ஃபினோ அப்படிப்பட்ட எழுத்துரு; அதன் நீண்ட வீச்சுகளைக் காணும்போதே, எழுதியவர் பல்லாண்டு பயின்றவர் என்று தெரிந்துவிடும். நாம் பேசும் எழுத்துருவோ மேசைமேல் வைத்துவிட்டுப் போன ஒரு துண்டுக் குறிப்பின் எழுத்து. யாரும் அழகு பார்க்கப் போவதில்லை, படித்தால் போதும் என்ற நினைப்பில் எழுதியது. அந்த நினைப்புதான் அதன் குணம்.

அந்தக் குணம் எங்கே இருக்கிறது என்று உற்றுப் பார்த்தால் சில அடையாளங்கள் பிடிபடும். கோட்டின் தடிமன் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். ஏனெனில் பந்துமுனைப் பேனாவும் மார்க்கரும் எந்தத் திசையில் இழுத்தாலும் ஒரே தடிமனில்தான் எழுதும். கோட்டின் முனைகள் வெட்டினாற்போல் நில்லாமல் உருண்டு முடியும். எழுத்துகள் ஒரே நேர்கோட்டில் அமராமல், ஒன்று சற்று மேலும் ஒன்று சற்றுக் கீழுமாக நிற்கும். வட்டங்கள் முழுவட்டங்களாக இரா. சில இடங்களில் தொடங்கிய முனையும் முடிந்த முனையும் சேராமல் ஒரு சிறு வாய் திறந்திருக்கும். இவை ஒவ்வொன்றும் அச்சுக்கலை குறை என்று கருதி நீக்க முயன்றவை. அதே குறைகளை அளவறிந்து திரும்பக் கொண்டுவருவதுதான் இவ்வகை எழுத்துருவை வடிவமைப்பவரின் வேலை. அளவு குறைந்தால் சாதாரண எழுத்துரு ஒன்று உடல்நலமில்லாமல் இருப்பது போலத் தோன்றும், மிகுந்தாலோ கோமாளித்தனமாகிவிடும். நல்ல எழுத்துருவில் அந்த ஆட்டம் கண்ணில் படுவதற்கு முன்பே உணர்வில் பட்டுவிடும்.

சாய்வெழுத்தைப் பற்றி ஒரு சொல். அது கையெழுத்தாகவே பிறந்து, காலப்போக்கில் அந்த நினைவை இழந்துவிட்டது. அடுத்த பதிலில் அதன் கதை வருகிறது.

கேள்வி: இது கணினி வந்த பிறகு தோன்றிய நாகரிகம் என்று என் மகன் சொல்கிறான். உண்மையா?
– ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர்

பதில்: தங்கள் மகனிடம் நீங்களே மறுத்துச் சொல்லலாம். அச்சு பிறந்ததே கையெழுத்தைப் போலச் செய்யத்தான். 1455 வாக்கில் கூட்டன்பர்க் அச்சிட்ட விவிலியத்துக்கு, இன்றைய ஆங்கில எழுத்துகளின் எண்ணிக்கையைவிடப் பல மடங்கு மிகுதியாக, முந்நூறை ஒட்டிய அச்சுருக்கள் வார்க்கப்பட்டன. படியெடுப்போர் எழுதிய கூட்டெழுத்துகள், சுருக்கக் குறிகள், ஒரே எழுத்தின் குறுகிய வடிவங்கள், அகன்ற வடிவங்கள் ஆகிய எல்லாவற்றையும் உலோகத்தில் கொண்டுவர அவர் முயன்றதன் விளைவு அது.

1501-இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூட்டியஸ் வெளியிட்ட கையடக்க நூல்களுக்கு பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய எழுத்து, அன்றைய அறிஞர்கள் விரைந்து எழுதிய கையெழுத்தின் அச்சு வடிவம். அதுவே இன்று நாம் சாய்வெழுத்து என்று அழைப்பதன் முன்னோடி. அப்போது முழு நூலும் அவ்வெழுத்தில்தான் அச்சாயிற்று. ஒரு சொல்லை அழுத்திக் காட்ட மட்டும் அதைப் பயன்படுத்துவது பிற்காலத்து வழக்கம். 1557-இல் பிரான்சின் லியோன் நகரில் ரொபேர் கிராஞ்ஜோன் தம் நாட்டு அன்றாடக் கையெழுத்தை அப்படியே அச்சுருவாக்கினார். சிறுவர்களுக்கான நன்னடத்தை நூல் அதில் அச்சிடப்பட்டதால் 'சிவிலிட்டே' என்ற பெயர் அதற்கு நிலைத்தது. குழந்தைகளுக்குரிய நூலுக்குக் கையெழுத்துச் சாயல் பொருந்தும் என்ற எண்ணத்துக்கு நானூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயது என்பதை இங்கே மனத்தில் கொள்ளுங்கள்.

இருபதாம் நூற்றாண்டில் விளம்பரத்துறை இவ்வகைக்குப் புதிய உயிர் கொடுத்தது. தூரிகையால் எழுதியது போன்ற 'பிரஷ் ஸ்கிரிப்ட்' எழுத்துருவை ராபர்ட் ஸ்மித் 1942-இல் அமெரிக்காவில் வடிவமைத்தார். 1953-இல் பிரான்சின் மார்செய் நகரத்தில் அச்சுருக்களை வார்க்கும் வார்ப்பகம் ஒன்றுக்காக ரொஜே எக்ஸ்கொஃபோன் உருவாக்கிய 'மிஸ்ட்ரல்' என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது. அது அவருடைய சொந்தக் கையெழுத்தை அடிப்படையாகக் கொண்டது. உலோக அச்சில் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனி வார்ப்பு. எந்த எழுத்துக்கு அடுத்து எது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அப்படியிருந்தும், எந்த இரண்டை அடுத்தடுத்து வைத்தாலும் பேனா எடுக்காமல் எழுதியது போல அவை இணைந்து ஓடும்படி ஒவ்வொன்றின் நுழைவாயும் வெளிவாயும் அமைந்திருக்கின்றன. கையால் அச்சுக்கோத்த தங்களுக்கு அந்தக் கணக்கின் அருமையை விளக்க வேண்டியதில்லை. கணினிக் காலத்தில் 1989-ஐ ஒட்டி டேவிட் சீகல் உருவாக்கிய 'டெக்டன்', பிரான்சிஸ் சிங் என்னும் கட்டடக் கலைஞர் தம் வரைபடங்களில் எழுதிய எழுத்தைத் தழுவியது. கணினி செய்ததெல்லாம் இவ்வெழுத்துருக்களை எல்லார் கைக்கும் எட்டச் செய்ததுதான்.

கேள்வி: காமிக் சான்ஸ் எழுத்துருவில் ஓர் அறிக்கை அனுப்பியதற்காக அலுவலகத்தில் எல்லாரும் என்னைக் கேலி செய்தார்கள். அது எளிதாகப் படிக்க முடிகிறதே, அதில் என்ன தவறு?
– ஒரு கணக்காளர்

பதில்: கேலி செய்தவர்கள் பக்கம் நான் இல்லை, ஆனால் தங்கள் அறிக்கைக்கு அந்த எழுத்துரு பொருந்தவில்லை என்றே நானும் சொல்வேன். அது எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால் இரண்டும் ஏன் ஒரே நேரத்தில் உண்மை என்பது விளங்கும்.

1994-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம், கணினிக்குப் புதியவர்கள் அஞ்சாமல் பழகுவதற்காக 'பாப்' என்றொரு மென்பொருளை உருவாக்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு கேலிச்சித்திர நாய் பேச்சுக் குமிழ் வழியாகப் பயனருக்கு வழிகாட்டும். அங்கே பணியாற்றிய வின்சென்ட் கொனேர், அந்த நாய் டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துருவில் பேசுவதைப் பார்த்தார். செய்தித்தாளுக்காக உருவான எழுத்துருவில் ஒரு நாய் பேசுவது அவருக்குப் பொருந்தவில்லை. படக்கதைகளின் பேச்சுக் குமிழ்களில் கையால் எழுதப்படும் எழுத்துகளைப் பார்த்து, புதிய எழுத்துரு ஒன்றைத் திரையிலேயே வரைந்தார். அதன் அளவுகள் ஏற்கெனவே முடிவாகியிருந்த குமிழ்களுக்குள் அடங்காததால் 'பாப்' மென்பொருளில் அது இடம்பெறவில்லை. வேறொரு மென்பொருளில் பயன்பட்டு, விண்டோஸ் 95-இன் கூடுதல் தொகுப்பில் சேர்ந்து, பிறகு கோடிக்கணக்கான கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

கவனியுங்கள், காமிக் சான்ஸ் பிறந்ததே இடப்பொருத்தம் பற்றிய ஒரு நுண்ணுணர்விலிருந்துதான். 'இந்தக் குரலுக்கு இந்த எழுத்து ஒவ்வாது' என்று ஒருவர் உணர்ந்ததால் உருவான எழுத்துரு, பின்னர் எந்தக் குரலுக்கும் ஒவ்வும் என்று கருதப்பட்டது. எழுத்துருப் பட்டியலில் மனிதச் சாயலோடு இருந்தது அது ஒன்றுதான் என்பதால், விறைப்பாகத் தோன்ற விரும்பாத எல்லாரும் அதையே தேர்ந்தெடுத்தார்கள். எச்சரிக்கைப் பலகை, இரங்கல் அறிவிப்பு, சட்டக் கடிதம் என்று அது போகாத இடமில்லை. 1990-களின் இறுதியில் அமெரிக்காவில் ஒரு வடிவமைப்பாளர் தம்பதி அதைத் தடை செய்யக் கோரும் இயக்கத்தையே தொடங்கினார்கள். 2010-இல் கிளீவ்லேண்ட் கவாலியர்ஸ் கூடைப்பந்து அணியின் உரிமையாளர், தம் அணியைவிட்டு விலகிய நட்சத்திர வீரரைக் கடுமையாகச் சாடி ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார். அது காமிக் சான்ஸில் இருந்ததால் கடிதத்தின் சினத்துக்கு இணையாக எழுத்துருவும் பேசுபொருளாயிற்று. 2012 சூலை 4 அன்று செர்ன் என்னும் ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகத்தில் ஹிக்ஸ் போசானை ஒத்த துகள் கண்டறியப்பட்டதை அறிவித்தபோது, இயற்பியலாளர் ஃபாபியோலா ஜியானோட்டி காட்டிய விளக்கப் படங்களும் அதே எழுத்துருவில்தான் இருந்தன. அவ்வளவு பெரிய கண்டுபிடிப்பின் நாளிலும் அதைப் பற்றிப் பேசியவர்கள் பலர்.

எனக்கு அந்த அறிவியலாளர்மீது வருத்தம் எதுவுமில்லை. தம் சக ஆய்வாளர்களோடு பேசும் ஒருவர், கரும்பலகையில் எழுதுவது போன்ற எழுத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு நேர்மை இருக்கிறது. ஆனால் தங்கள் அறிக்கையில் எண்கள் அட்டவணையாக நிற்கின்றன. அவற்றை ஒருவர் கூட்டிப் பார்ப்பார், மற்றொருவர் கையொப்பமிடுவார், மூன்றாமவர் ஓராண்டு கழித்து எடுத்துப் படிப்பார். அங்கே பேசுவது தாங்கள் என்ற தனி மனிதர் அல்லர், ஒரு நிறுவனத்தின் பொறுப்பு. நிறுவனத்தின் பொறுப்பு கையெழுத்தில் பேசினால், படிப்பவர் அறியாமலே அதன்மீது வைத்த நம்பிக்கை ஒரு படி குறைகிறது. அந்த அறிக்கையோடு சகப் பணியாளருக்கு ஒரு சிறு குறிப்பு இணைக்கிறீர்கள் என்றால், அக்குறிப்பில் அதே எழுத்துரு அழகாகவே இருக்கும்.

கேள்வி: அப்படியானால் எங்கெங்கே பயன்படுத்தலாம்? நான் சிறு குழந்தைகளுக்குப் பயிற்சித்தாள்கள் தயாரிக்கிறேன்.
– தொடக்கப்பள்ளி ஆசிரியை

பதில்: தங்கள் பணிக்குத்தான் இவ்வகை மிகவும் பொருந்தும், அம்மா. எழுதக் கற்கும் குழந்தை, தன் கை உண்டாக்கப்போகும் வடிவத்தையே தாளிலும் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் ஏ (a) என்னும் முதல் சிற்றெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நூல்களில் வரும் பெரும்பாலான அச்சு வடிவங்களில் அதற்கு மேலே ஒரு கூரை வளைவு உண்டு. கையால் எழுதும்போது ஒரு வட்டமும் ஒரு கோடும்தான். கையெழுத்துச் சாயல் எழுத்துருக்களில் அந்த எளிய வடிவமே இருப்பதால் குழந்தை குழம்புவதில்லை. பி (b), டி (d) என்னும் சிற்றெழுத்துகளைக் குழந்தைகள் மாற்றிப் படிப்பதைத் தாங்கள் நாள்தோறும் கண்டிருப்பீர்கள். அச்சு எழுத்துருக்கள் பலவற்றில் அவை ஒன்றையொன்று கண்ணாடியில் பார்த்தது போல இருக்கும். கையால் வரைந்த வடிவங்களிலோ வயிற்றின் வளைவும் கோட்டின் சாய்வும் சற்றே மாறுபடுவதால் அவற்றைப் பிரித்தறிய ஒரு பிடி கிடைக்கிறது. டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புச் சிக்கல் உள்ளவர்களுக்காகப் பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா சங்கம் வெளியிட்ட வழிகாட்டி, ஏரியல் முதலிய எளிய எழுத்துருக்களோடு காமிக் சான்ஸையும் பரிந்துரைக்கிறது. எழுத்தளவு 12 முதல் 14 புள்ளி வரை இருக்கட்டும் என்றும், வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விடுங்கள் என்றும் அது சொல்கிறது. எழுத்துருவைவிட இடைவெளி கூடுதலாக உதவும் என்பது என் அனுபவம். ஆகவே இரண்டையும் சேர்த்தே கவனியுங்கள்.

பிற இடங்களைப் பொறுத்தவரை நான் எனக்கே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்தச் சொற்களை ஒரு மனிதர் பேனா எடுத்து உண்மையிலேயே எழுதக்கூடுமா? படக்கதையின் பேச்சுக் குமிழ், வரைபடத்தின் ஓரத்தில் அம்புக்குறியோடு வரும் விளக்கம், பரிசுப் பொதியில் கட்டிய அட்டை, நன்றி சொல்லும் நான்கு வரி, கதையில் ஒரு பாத்திரம் எழுதும் கடிதம், பாடநூல் பக்கத்தின் விளிம்பில் 'இதைக் கவனி' என்று சொல்லும் குறிப்பு ஆகிய எல்லாவற்றிலும் பதில் 'ஆம்' என்று வரும். மருந்தின் அளவு, ஒப்பந்த விதி, அவசர வழியின் அறிவிப்பு ஆகியவற்றில் 'இல்லை' என்றே வரும். இரங்கல் அட்டை மட்டும் எனக்குக் கடினமான இடம். துயரத்தில் இருப்பவருக்கு நாம் கையால்தான் எழுதுகிறோம். அதே கையெழுத்துச் சாயல் அச்சில் வந்தால் துள்ளலாகத் தெரிகிறது. பல ஆண்டுகளுக்கு முன், நான் மிகவும் மதித்த ஒருவரின் மறைவுச் செய்தி உருண்டையான, குதித்து நிற்கும் எழுத்துகளில் எனக்கு வந்தது. அனுப்பியவர்கள் அன்போடுதான் அனுப்பியிருந்தார்கள். ஆயினும் அந்தத் துள்ளும் எழுத்துகளில் அவர் பெயரைப் படித்த கணம் இன்றும் எனக்கு மறக்கவில்லை. அத்தகைய வேளைகளில் அமைதியான ஒரு நூல் எழுத்துருவை வைத்து, கீழே உண்மையான பேனாவால் பெயரெழுதுவதே நல்லது.

கேள்வி: இவ்வெழுத்துருவில் அமைத்த பக்கம் எனக்கு ஏனோ நெரிசலாகத் தெரிகிறது. என்ன செய்யலாம்?
– சிற்றிதழ் ஆசிரியர்

பதில்: வரியைச் சுருக்குங்கள், வலப்பக்க ஓரத்தை நேராக்காமல் விடுங்கள். இரு ஓரமும் நேராக்கப்பட்ட பத்தியில் யாரும் கையால் எழுதுவதில்லை. சொல்லிடைவெளிகள் இழுபட்டு அதன் இயல்பே கெட்டுவிடும். தலைப்புக்கும் குறிப்புக்கும் இதை வைத்துக்கொண்டு, நீண்ட கட்டுரைக்கு வழக்கமான எழுத்துருவைப் பயன்படுத்துங்கள். ஒரே பக்கத்தில் இரண்டு வேறு கையெழுத்துச் சாயல்கள் வேண்டா. இருவர் ஒரே நேரத்தில் பேசுவது போலாகும்.

கேள்வி: விலையுயர்ந்த எழுத்துருவாக இருந்தாலும், கையெழுத்து அன்று என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறதே, ஏன்?
– ஓவியர்

பதில்: ஓவியக் கண்ணுக்கு அது உடனே தெரிந்துவிடும்; மற்றவர்களுக்கு ஒரு சொல்லைக் காட்டினால் போதும். 'தத்தித் தத்தி நடந்தாள்' என்று ஒரு தாளில் கையால் எழுதிப் பாருங்கள். முதல் இரு சொற்களில் மட்டும் தகரம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ஒன்றின் வால் நீண்டிருக்கும், ஒன்றின் சுழி அமுங்கியிருக்கும், கடைசித் தகரம் அவசரத்தில் சற்றே படுத்திருக்கும். எழுத்துருவில் அவை அனைத்தும் ஒரே அச்சில் வார்த்த பொம்மைகளாக வரிசையில் நிற்கும். தற்செயலாக வளைந்தது போன்ற ஒரு வளைவு மீண்டும் மீண்டும் அதே இடத்தில் வளைந்தால், அது தற்செயல் இல்லை என்று கண் கண்டுகொள்கிறது. நேரான எழுத்துருவில் இந்தத் திரும்ப வருதல் ஒழுங்காகத் தெரியும். ஆடும் எழுத்துருவில் அதுவே பொய்யாகிவிடுகிறது.

இதற்கு மாற்று தேடியவர்கள் உண்டு. யூஸ்ட் ஃபான் ரோசும், எரிக் ஃபான் ப்ளோக்லாண்ட் என்னும் இரு டச்சு வடிவமைப்பாளர்கள் 1990-ஐ ஒட்டி உருவாக்கிய 'பியோவுல்ஃப்' எழுத்துரு, ஒவ்வொரு முறை அச்சிடும்போதும் தன் விளிம்புகளைத் தானே மாற்றிக்கொண்டது. 1996-இல் மைக்ரோசாஃப்டும் அடோபியும் அறிவித்த ஓப்பன்டைப் என்னும் எழுத்துருக் கோப்பு முறை வந்தபின், ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று மாற்று வடிவங்களை எழுத்துருவுக்குள்ளேயே வைத்து, அக்கம்பக்கத்து எழுத்துகளைப் பார்த்துத் தானாக மாற்றிக்கொள்ளும்படி செய்ய முடிகிறது. 'கேவியட்' என்னும் திறந்த உரிம எழுத்துரு இப்படித்தான் இயங்குகிறது. வாங்கும் முன், ஒரே எழுத்து நான்கைந்து முறை வரும் சொல் ஒன்றை அதில் தட்டிப் பாருங்கள். மாற்று வடிவங்கள் இருக்கின்றனவா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: தமிழில் இத்தகைய எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
– நூல் வடிவமைப்பாளர்

பதில்: ஒரு வகையில் தமிழுக்கு இது எளிது. நம் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நிற்பவை. மிஸ்ட்ரலின் எழுத்துகளை இணைக்க எக்ஸ்கொஃபோன் பட்ட பாடு நமக்கு இல்லை. இன்னொரு வகையில் கடினம். உகர, ஊகார வரிசைகளில் வடிவமே மாறிவிடுவதாலும், இகர, ஈகாரச் சுழிகள் மெய்யோடு ஒட்டி எழுவதாலும், நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்களை ஒரே கை எழுதியது போல வரைய வேண்டியிருக்கிறது. உயிரெழுத்துகளை அழகாக வரைந்தவர் ஊகார வரிசைக்கு வரும்போது களைத்துப்போனது சில எழுத்துருக்களில் வெளிப்படையாகவே தெரியும். ஆகவே நான் முதலில் தட்டிப் பார்ப்பது ஞூ, ழூ, றூ போன்றவற்றைத்தான்.

அடுத்து, குழப்பம் தரும் இணைகள். 'அமுது' என்று தட்டிப் பாருங்கள். முகரத்தின் அடிச்சுழியைக் கொஞ்சம் அலட்சியமாக வரைந்திருந்தால் அது 'அழுது' ஆகிவிடும். ஒரு தாலாட்டின் பொருளே தலைகீழாகும். ரகரத்தின் கீழே வரும் சிறு வால் இல்லாவிட்டால் அது துணைக்காலாகிவிடும். எகரத்தின் கால் சற்று நீண்டால் 'எடு' என்பது 'ஏடு' ஆகும். கொம்பின் மேற்சுழி அடைபட்டால் 'கேடு' என்பது 'கெடு' ஆகும். ஓலைச்சுவடிகளில் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லாமலும், எகர ஏகாரங்கள் வேறுபாடின்றியும் எழுதப்பட்டதால் பதிப்பாசிரியர்கள் எவ்வளவு இடர்ப்பட்டார்கள் என்பதை நாம் அறிவோம். இயல்பான கையெழுத்து என்ற பெயரில் அந்த இடரைத் திரும்பக் கொண்டுவரக் கூடாது.

புள்ளிக்குத் தனிக் கவனம் தேவை. வேகமாக எழுதும் கையில் புள்ளி தன் எழுத்தைவிட்டு வலப்பக்கம் நகர்ந்து விழும். சிலர் கையில் அது சிறு கோடாகவே மாறிவிடும். 'சிக்கல்' என்ற சொல்லைப் பெரிய அளவில் வைத்துப் பார்த்தால், சிகரத்தின் மேற்சுழியும் ககர மெய்யின் புள்ளியும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்று தெரியும். நல்ல எழுத்துருவில் சுழி சற்றே உள்வாங்கியோ, புள்ளி சற்றே மேலெழும்பியோ ஒன்றுக்கொன்று வழிவிட்டிருக்கும்.

பயன்பாட்டிலும் நமக்கென்று ஒரு வாய்ப்பு உண்டு. தமிழுக்கு மரபான சாய்வெழுத்து இல்லை. நேரான எழுத்தை இயந்திரத்தால் சாய்த்து வைப்பதால் அதன் வட்டங்கள் நசுங்குகின்றன. நாவலில் வரும் கடிதத்தையும் நாட்குறிப்பையும் அப்படி நசுக்காமல், அடக்கமான ஒரு கையெழுத்துச் சாயலில் அமைத்துப் பாருங்கள். குரல் மாறிவிட்டது என்பதை வாசகர் சொல்லாமலே உணர்வார். ஒரு பக்கத்துக்குமேல் நீளும் கடிதமானால் மட்டும் வேண்டா.

கேள்வி: மறைந்த என் தந்தையார் எழுதிய கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அவர் கையெழுத்தை எழுத்துருவாக்கலாமா?
– பெயர் குறிப்பிட விரும்பாத வாசகி

பதில்: ஆக்கலாம், அம்மா, பொறுமை மிகவும் வேண்டும். கடிதங்களை அங்குலத்துக்கு 600 புள்ளித் துல்லியத்தில் வருடியெடுத்து, அந்தப் படங்களைத் திருத்தாமல் ஓரிடத்தில் சேமித்துவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்குங்கள். அவர் ஒரே பேனாவால், ஏறக்குறைய ஒரே வயதில் எழுதிய கடிதங்களைப் பிரித்தெடுங்கள். இளமையின் கையும் முதுமையின் கையும் ஒரே எழுத்துருவில் கலந்தால் அது யாருடைய கையும் ஆகாது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஐந்தாறு மாதிரிகளைச் சொற்களின் நடுவிலிருந்து எடுங்கள். வரியின் முதலெழுத்திலும் பெயரொப்பத்திலும் நாம் எல்லாருமே சற்றுக் கவனமாக எழுதுகிறோம். அன்றாடக் கை சொல்லின் நடுவில்தான் இருக்கிறது. ஐந்தில் மிக அழகானதை விடுத்து, மற்றவற்றோடு ஒத்துப்போகும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தள்ளியவற்றை எறிந்துவிடாமல் மாற்று வடிவங்களாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபான்ட்ஃபோர்ஜ் என்னும் கட்டற்ற மென்பொருளில் இவ்வடிவங்களைச் சேர்த்து எழுத்துருவாக்கலாம். அது விளிம்புகளை வழுவழுப்பாக்கித் தரும் வசதியைக் காட்டும்போது, அதை மிகக் குறைவாகவே பயன்படுத்துங்கள். நடுக்கம் போனால் அவரும் போய்விடுவார். அத்தனை கடிதங்களிலும் தேடினாலும் சில உயிர்மெய்கள் கிடைக்கமாட்டா. அவற்றை அவருடைய பிற எழுத்துகளின் பகுதிகளைக் கொண்டே இணைத்து உருவாக்குங்கள்: ழூ கிடைக்காவிட்டால், அவர் எழுதிய ழுகரத்தையும் மூகாரத்தின் வாலையும் வைத்துத் தொடங்கலாம். ங வரிசையில் பெரும்பாலானவற்றை அவர் எழுதியிருக்கவே மாட்டார். ங், 'இங்ஙனம்' என்பதில் வரும் ங ஆகியவற்றைத் தவிர மற்றவை காலியாகவே இருக்கட்டும்.

இடைவெளிதான் கடைசி வேலை, நெடிய வேலையும் அதுவே. அவருடைய கடிதம் ஒன்றிலிருந்து ஒரு வரியைப் புதிய எழுத்துருவில் தட்டி, அதே அளவில் அச்சிட்டு, மூல வரிக்கு நேர் கீழே வைத்துப் பாருங்கள். எங்கே உங்கள் வரி நீளமாகிறதோ அங்கே எழுத்துகளை நெருக்குங்கள். எங்கே குறைகிறதோ அங்கே தளர்த்துங்கள். 'அன்புள்ள' என்ற சொல்லிலிருந்து தொடங்கச் சொல்வேன். ஒவ்வொரு கடிதத்திலும் அவர் அதை எழுதியிருப்பார். னகரத்தின் மேல் அவர் புள்ளி எந்த இடத்தில் விழும் என்பது, அளந்து பார்க்காமலே உங்களுக்குத் தெரியும்.